பாட்டிலில் பழுப்பு வர வேண்டும்

அம்மா,

இன்று சாயங்காலம் ஃப்ரீசரைத் திறந்தேன். மீன் வாடை முகத்தில் அடித்தது. நீ போனதிலிருந்து நம் வீட்டில் யாரும் மீன் வாங்கவில்லை. ஆனாலும் அந்த வாடை போகவில்லை. உன் நீல ஐஸ் பேக்குகள் நான்கும் பனி படர்ந்து சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டிருந்தன. ஒன்றைத் தொட்டேன். விரல் ஒட்டிக்கொண்டது. வலிக்கும்வரை அப்படியே வைத்திருந்தேன். உன் கையும் இங்கேதானே ஒட்டியிருக்கும் என்று தோன்றியது.

அப்பா லாரியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். விளக்கைப் போட்டால் மாடி வீட்டுக்காரர்கள் ஏன் தூங்கவில்லை என்று காலையில் கேட்பார்கள். அதனால் போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். எழுதி முடித்தபின் இந்தத் தாளை என்ன செய்வது என்று தெரியவில்லை. ஆனால் உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வேறு யாரிடமும் சொல்லவும் முடியாது.

உன் வேலை என்னவென்று நம் தெருவில் யாருக்கும் சரியாகத் தெரியாது. மாதத்தில் ஒரு நாள் அரசாங்க வேனில் வந்து, பாலத்திலிருந்து அடையாற்றுத் தண்ணீரை மொண்டு சோதிக்கிறாய் என்பது மட்டும் தெரியும். அயர்ன்காரர் உன்னைப் பார்க்கும்போதெல்லாம், "இன்னா மேடம், ஆறு பாஸா ஃபெயிலா?" என்பார். நீ நிற்காமலேயே பதில் சொல்வாய். "அரியர் வச்சிருக்குண்ணா. அடுத்த தடவ எழுதும்."

அப்பா ஓட்டுவது கழிவுநீர் லாரி. பெருங்களத்தூர் பக்கத்து அபார்ட்மென்ட்களில் செப்டிக் டேங்கை உறிஞ்சி எடுத்து, அரசாங்கச் சுத்திகரிப்பு நிலையத்தில் கொண்டுபோய் விடுவதுதான் அவர் வேலை என்று நினைத்திருந்தேன். வந்ததும் வாசல் குழாயிலேயே குளித்துவிட்டுத்தான் உள்ளே காலை வைப்பார். "நான் அள்றேன், உங்கம்மா அளக்குறா. கெவர்மென்ட்டே நம்ம வூட்லதான் நடக்குது" என்று விருந்தாளிகளிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். நீயும் சிரிப்பாய். அந்தச் சிரிப்பைத்தான் இப்போது திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன்.

முதல்முறை என்னை நீ பாலத்துக்குக் கூட்டிப்போனது நினைவிருக்கிறதா? பள்ளி லீவு. வீட்டில் தனியாக விட மனமில்லாமல் வேனில் ஏற்றிக்கொண்டாய். கயிறு கட்டிய வாளியை நடு ஆற்றில் இறக்கினாய். வந்த முதல் தண்ணீரை வாளியிலேயே சுழற்றிக் கொட்டினாய். மறுபடியும் இறக்கினாய், மறுபடியும் கொட்டினாய். "இவ்ளோ அழுக்குத் தண்ணில எதுக்கும்மா கழுவுற? வீட்லேர்ந்து நல்ல தண்ணி கொண்டாந்திருக்கலாம்ல?" என்றேன். "நம்ம வீட்டுத் தண்ணியோட ஒரு சொட்டு கலந்தாலும் அது ஆத்தோட கணக்குல சேந்துடும். ஆத்த ஆத்தாலதான் அலம்பணும்" என்றாய்.

பிறகு ஒரு கண்ணாடி பாட்டிலில் குமிழி விழாமல் தண்ணீரை நிரப்பி, இரண்டு மருந்துகளை விட்டு, மூடியைப் போட்டுத் தலைகீழாகக் கவிழ்த்துக் கவிழ்த்து ஆட்டினாய். தண்ணீர் பழுப்பாகத் திரிந்தது. நான் "ச்சீ" என்றேன். நீயோ பாட்டிலை வெயிலில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பரீட்சையில் மார்க் வாங்கியவள் மாதிரி நின்றாய்.

"லூசு. பழுப்பு வந்தா உள்ள மூச்சு இருக்குன்னு அர்த்தம். மீன் மூச்சு விடலாம். வெள்ளையா வந்தாத்தான் பயப்படணும்."

வேன் டிரைவர் அண்ணா கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, "மேடம், ஆத்துக்கு மூச்சு கீது. என் வண்டிக்குத்தான் இல்ல. அதயும் கொஞ்சம் டெஸ்ட் பண்ணுங்கோ" என்றார். வண்டியைத் தள்ளித்தான் கிளப்பினோம். நானும் தள்ளினேன்.

அந்தப் பாட்டில்களைக் குளிர்ச்சியாக லேபுக்குக் கொண்டுபோகத்தான் இந்த ஐஸ் பேக்குகள். ஆபீஸ் ஃப்ரீசர் அடிக்கடி படுத்துக்கொள்ளும். நம் வீடு பாலத்துக்குப் பக்கம். அதனால் வேன் வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் நீ இவற்றை நம் ஃப்ரீசரில் அடுக்குவாய். வேலை முடிந்ததும் கழுவிப் பரணில் போட்டுவிடுவாய். எந்த நாள் வேன் வரும் என்று உங்கள் ஆபீசுக்கே முந்தின நாள்தான் தெரியும். வெளியே சொல்லக் கூடாது என்பதால் நீ எங்களிடமும் சொன்னதில்லை. ஆனால் ஃப்ரீசரில் ஐஸ் பேக் இருந்தால் மறுநாள் வேன் வரும். நம் வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும், மழை வருமென்று மேகத்தைப் பார்த்துத் தெரிவதைப் போல. அதை யாரும் ரகசியம் என்று நினைக்கவில்லை. நான் நினைக்கவில்லை.

மாதா மாதம் பழுப்பு வந்தது. "ஆறு தேறுதுடி" என்று ஒரு நாள் சோறு பிசைந்துகொண்டே சொன்னாய். அப்பா குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு அந்தச் சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை காலை நீ ஐஸோடு கிளம்பிப் போனாய். ஆனால் வேன் தாம்பரத்திலேயே கிளட்ச் போய் நின்றுவிட்டது. ஐஸெல்லாம் உருகிவிட்டது. பேக்குகளை ஆபீசிலேயே போட்டுவிட்டு வந்தாய். வேன் வராததைப் பற்றி வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. அப்பா தூக்கத்தில் இருந்தார். மறுநாள் விடியற்காலையில் மீன் கடையில் உடைத்த ஐஸை ஒரு பையில் வாங்கிக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு பாலத்துக்குப் போனாய்.

வாளி மேலே வரும்போதே நாற்றம் தாங்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டேன். நீ மருந்தை விட்டாய், கவிழ்த்து ஆட்டினாய். பாட்டிலுக்குள் பால் திரிந்த மாதிரி வெள்ளை இறங்கியது. சுத்த வெள்ளை. பார்ப்பதற்கு அழகாகக்கூட இருந்தது, அம்மா. நீ இன்னொரு பாட்டில் எடுத்தாய். அதுவும் வெள்ளை.

நீ பாலத்துக்கு மேற்கே, ஓடை ஆற்றில் சேரும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். கரையில் பெரிய டயர் தடம் ஈரமாகப் பளபளத்தது. திரும்பாமலேயே கேட்டாய்.

"நேத்து சாயங்காலம் ஃப்ரீசர்ல ஐஸ் வச்சேனா?"

"இல்லம்மா. அதான் மீன் கடையில வாங்குனியே."

"வைக்கல" என்றாய். பிறகு உனக்கு நீயே இன்னொரு முறை, "வைக்கல."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. வெறும் வயிற்றோடு வந்ததில் உனக்குத் தலை சுற்றுகிறது என்று நினைத்து, கடையில் மோர் வாங்கிக் கொடுத்தேன்.

ஆபீசிலிருந்து இந்த நான்கையும் கொண்டுவந்து ஃப்ரீசரில் அடுக்கினாய், அதற்குப் பிறகு வெளியே எடுத்ததே இல்லை. வேலைக்குப் போகும்போது மீன் கடை ஐஸ்தான். பாட்டிலில் என்ன வந்தது என்று அதன் பிறகு நீ வீட்டில் சொன்னதே இல்லை. ஒரு நாள் அப்பா ஃப்ரீசர் கதவைப் பிடித்துக்கொண்டு, "இன்னாமே இது, எப்பப் பாரு உள்ளயே கீது? ஒரு தண்ணி பாட்டில் வைக்க எடம் இல்ல" என்றார். நீ வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாய். "இருக்கட்டும். ஒங்களுக்கு என்ன தொந்தரவு?" என்றாய். அவர் கதவை மூடினார். நீங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவே இல்லை. ஃப்ரீசரில் இடம் பிடித்து வைத்திருக்கிறாயே என்று உன்மேல் எனக்கும் கோபம்தான். ஐஸ்கிரீம் வைக்க முடியவில்லையே என்று.

ஐப்பசி மழையில் நீ கரையில் வழுக்கி விழுந்தாய். முழங்காலில் ஒரு சிராய்ப்பு. அவ்வளவுதான். மஞ்சள் வைத்துக்கொண்டு சமைத்தாய். அப்புறம் காய்ச்சல் வந்தது, கண் மஞ்சளானது, சிறுநீர் நின்றது. ஆஸ்பத்திரியில் எலிக்காய்ச்சல் என்றார்கள். "காலில காயத்தோட சாக்கடைத் தண்ணில எறங்கினாங்களா?" என்று அந்த டாக்டர் அக்கா கேட்டார். "ஆத்துல வேல செய்றாங்க மேடம்" என்றேன் நான். அப்பா எழுந்து வெளியே போனார். வராண்டாவில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டார். அழ இடம் தேடிப் போனார் என்று நினைத்து நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் அழவில்லை. கைகளை முகர்ந்து முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அது ஏன் என்று போன வாரம்தான் தெரிந்தது.

டியூஷன் முடிந்து பின்வாசல் வழியாக வந்தேன். அப்பா துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து லாரி ஓனரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். நான் வந்ததைக் கவனிக்கவில்லை.

"எனக்கு எப்டிண்ணா தெரியும்? முன்னாடி ஐஸ வச்சான்னா மறுநாள் வர்றாங்கோன்னு தெரியும். ஒங்களுக்குச் சொல்லிட்டு அந்த ஒரு நைட்டு வண்டிய பிளான்ட்டுக்கு வுட்டுக்கினு இருந்தேன். அப்பறம் அவ அத எப்பவும் உள்ளயே போட்டு வச்சிட்டா. இப்ப ஐஸ் வைக்கிறவளே போய்ட்டா. என்ன வுட்டுடுண்ணா."

நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பித் தெருவுக்கே ஓடினேன். முக்கில் நின்றுகொண்டுதான் ஒவ்வொன்றாகப் புரிந்தது. அந்த ஒரு இரவு சுத்திகரிப்பு நிலையம். மற்ற இரவெல்லாம் ஓடை. மறுநாள் காலை நீ வாளியில் மொண்டது, அப்பா உனக்காகச் சுத்தமாக விட்டு வைத்த தண்ணீர். மாதா மாதம் நீ சந்தோஷப்பட்ட பழுப்பு அப்பா செய்து கொடுத்தது. உனக்கு அது தெரிந்துவிட்டது. தெரிந்தும் நீ கத்தவில்லை, கேட்கவில்லை. ஐஸை எடுக்காமல் விட்டுவிட்டாய். எப்போதும் உள்ளேயே இருந்தால் அது எதையும் சொல்லாது இல்லையா?

ஏனம்மா அவரிடம் கேட்கவில்லை? அவர் வேலை போய்விடும் என்றா? இல்லை, கேட்டால் அவர் உண்மையைச் சொல்லிவிடுவார் என்றா? நீ விழுந்த தண்ணீர் எது என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த ஆற்றில் எத்தனையோ ஊரின் சாக்கடை. எனக்கு நானே இப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அப்பா தட்டில் சோறு போடும்போது அவர் கையைப் பார்க்கப் பயமாக இருக்கிறது. அவர் நல்லவர், அம்மா. நேற்றுகூட எனக்குத் தலை பின்னிவிட்டார், கோணலாக. நல்லவராக இருப்பதால்தான் இவ்வளவு பயமாக இருக்கிறது.

இன்று மதியம் உன்னோடு வேலை பார்த்த ஆன்ட்டி போன் செய்தார். உன் இடத்தில் இப்போது அவர்தான். "நாளைக்கு வர்றோம்டா. உங்க வீட்ல ஐஸ் பேக் இருக்குல்ல? ஸ்கூல் போறப்ப பாலத்துல குடுத்துட்டுப் போறியா? யார்கிட்டயும் சொல்லாத, சரியா?" என்றார். சரி என்றேன்.

அப்பா கிளம்பும்முன் சட்டை பட்டனைப் போட்டுக்கொண்டே கேட்டார். "கண்ணு, அந்த ஆன்ட்டி எதுனா போன் பண்ணாங்களா?"

ஓனர் கேட்கச் சொல்லியிருப்பார். ஆமாம் என்றால் இன்றிரவு லாரி சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும், நாளை பொய்ப் பழுப்பு வரும், அப்பாவுக்கு ஒன்றும் ஆகாது. இல்லை என்றால் லாரி ஓடைக்குப் போகும். நாளை வெள்ளை வந்தால் தேடுவார்கள். டயர் தடம் இருக்கும். அப்பாவைப் பிடிப்பார்கள். எனக்கு வேறு யாரும் இல்லை, அம்மா.

"இல்லப்பா" என்றேன்.

அவர் ஃப்ரீசரைத் திறந்தார். நான்கும் உள்ளேதான் இருந்தன. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். குளிர் புகை அவர் முகத்தில் பட்டது.

"அப்டியே உங்கம்மா" என்றார்.

கோபமா, வேறேதாவதா என்று தெரியவில்லை. கதவை மெதுவாக மூடினார். "தாப்பாள் போட்டுக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். நம் தெருமுனையில் இடப்பக்கம் திரும்பினால் ஆறு, வலப்பக்கம் திரும்பினால் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும் பெரிய ரோடு. லாரி கிளம்பும் சத்தம் கேட்டதும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். எந்தப் பக்கம் திரும்பியது என்று எனக்குத் தெரிய வேண்டாம்.

காலையில் ஐஸ் பேக்குகளைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போவேன். ஃப்ரீசர் காலியாக இருக்கும். அப்பா வந்து திறந்தால், நான் சொன்னது பொய் என்று தெரிந்துவிடும். தெரியட்டும். பாலத்தில் ஆன்ட்டி வாளியை இறக்கி, முதல் தண்ணீரைச் சுழற்றிக் கொட்டி, மருந்தை விட்டு, பாட்டிலைக் கவிழ்த்து ஆட்டும்வரை நான் பள்ளிக்குப் போகமாட்டேன். நீ நின்ற இடத்தில் நிற்பேன். வெள்ளை வந்தால் கண்ணை மூடமாட்டேன்.

ஆனால் எனக்குப் பழுப்பு வேண்டும், அம்மா. இந்த ஆற்றில் இதுவரை யாரும் பார்க்காத பழுப்பு. நாள் தெரியாமலே அப்பா வலப்பக்கம் திரும்பியதால் வருகிற பழுப்பு.