நூற்று எண்பது

அம்மாடி ஜோதி,

ரத்தத்தில் சி.ஆர்.பி. நூற்று எண்பது என்றார்கள். பள்ளிக்கூடத்தில் நான் பார்க்காத மார்க் என்று பக்கத்துக் கட்டில் லாசர் அண்ணனிடம் பெருமையடித்துவிட்டேன்.

நர்ஸம்மா சிரித்துவிட்டார். "ஐயா, இது கூடக்கூடக் குடல்ல வீக்கம் அதிகம்னு அர்த்தம். நாளைக்கும் ஏறுச்சுன்னா ஆபரேஷன் பண்ண வேண்டியிருக்கும்."

"மாப்ள, இதுல மட்டும் பெயிலாயிரு," என்றார் லாசர்.

குடலில் சின்னச் சின்னப் பைகள் மாதிரிப் புடைத்துப் புண்ணாகியிருக்கிறதாம். மார்க்கெட்டுக்குப் பையை மறந்து போகிறவனுக்கு வயிற்றுக்குள்ளேயே பை.

சாப்பாட்டை நிறுத்திவிட்டார்கள். பேசவே அசதியாக இருக்கிறது. அதனால்தான் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். காலையில் மறுபடி ரத்தம் எடுப்பார்கள்.

சாயங்காலம் போனில், "கெளம்பி வரவாப்பா?" என்றாய். "வயித்துவலிக்கெல்லாமா லீவு போடுவ?" என்று அதட்டினேன்.

வந்துவிடு தாயி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

உன் அப்பா