ஆறு புட்டிகளின் நிறம்

22 ஜனவரி 2020, புதன்

பொங்கல் விடுமுறை முடிந்து சாயப்பட்டறை இன்று முழு வேகத்தில் இயங்கியது. பிற்பகலில் பிரான்சு நாட்டுக் கொள்முதலாளர் பெர்னார், நான் துணியின் நிறம் சரிபார்க்கும் லேபுக்கு வந்தார். தம் அண்ணன் தோட்டத்துத் திராட்சையில் செய்த சிவப்பு ஒயின் என்று ஆறு புட்டிகளை என் மேசைமேல் வைத்தார். ஆறும் ஒரே ஆண்டின் விளைச்சல். ஆண்டுக்கு ஒன்றைத் திறந்து, நிறமும் சுவையும் எவ்வாறு முதிர்கின்றன என்று நான் எழுதியனுப்ப வேண்டுமாம். “இப்படி ஒரு கண்ணை வேறெங்கும் பார்த்ததில்லை” என்றார். எட்டாம் வகுப்போடு நின்றவளிடம்!

புதிய கண்ணாடிக் குவளையில் ஊற்றி, துணியின் ஷேடு பார்க்கும் லைட் பாக்ஸில் பகல் வெளிச்ச விளக்கின்கீழ் வைத்தேன். நிறம்: நாவற்பழத்தோல், விளிம்பில் நீலம் தெறிக்கும் ஊதா. சுவை (இரண்டு கரண்டி மட்டுமே): கடுக்காயைக் கடித்தாற்போன்ற துவர்ப்பு. ஈறு இறுகிற்று.

அதே நிறத்தில் ஒரு துணித் துண்டுக்குச் சாயமேற்றி இப்பக்கத்தில் ஒட்டியுள்ளேன். வெளிச்சம் படாதபடி கருந்தாளால் மூடி, நிறம் அளக்கும் இயந்திரம் காட்டிய எண்களையும் கீழே குறித்துள்ளேன்.

எஞ்சியதை டையிங் மாஸ்டர் தங்கவேலு ஏற்றுக்கொண்டார். “கழிவுநீர்த் தொட்டில உட்டா பாவமுங்க மேடம். நானே சுத்திகரிச்சுப்போடறனுங்க.”

வீட்டில் என் கணவர் ஞானதுரை சொன்னது: “ஏட்டி ரோஸு, ஞாயித்துக்கிழம பாஸ்டரய்யா பக்கத்துல நின்னு பாட்டுப் பாடிராத.”

20 ஜனவரி 2021

இரண்டாம் புட்டி. துவர்ப்பு குறையவில்லை, ஊதா ஓர் இழை குறைவு. இப்படியோர் ஆண்டைக் கடந்து இதை எழுத உயிரோடிருப்பதே பெரிது.

19 ஜனவரி 2022

மூன்றாம் புட்டி. துவர்ப்பு பணியத் தொடங்கியிருக்கிறது. விழுங்கிய பின்னர் காய்ந்த பேரீச்சையின் இனிப்பு நாவின் ஓரத்தில் தங்குகிறது. நிறத்தில் சிவப்பு மேலோங்குகிறது. முதிர்ச்சி என்பதன் பொருளை நாவினால் அறிவது எனக்குப் புதிது.

18 ஜனவரி 2023

நான்காம் புட்டி. விளிம்பில் தெளிவாகச் செங்கல் நிறம். சுவை நன்கு கனிந்துவிட்டது. கருப்பட்டியும் ஈர மரமும் சேர்ந்த மணம். நாக்கு சொல்வதையே கண்ணும் சொல்கிறது. அவ்வாறே எழுதியனுப்பினேன்.

3 பிப்ரவரி 2023

பெர்னாரின் பதில். சுவை மிகச் சரியாம். நிறத்தில்தான் ஐயம் — அவர் அண்ணனிடமுள்ள புட்டிகளில் இன்னும் ஊதா மாறவில்லையாம்.

திருப்பூரின் வெப்பம் காரணம் என்று எழுதினேன். ஆனால் புட்டிகள் இருப்பது ஆண்டு முழுவதும் ஏசி ஓடும் துணிச் சோதனை அறையில். அதை நான் எழுதவில்லை. ஏன் எழுதவில்லை?

12 நவம்பர் 2023, ஞாயிறு

கருநீலச் சேலைக்கு, கருநீலமென்று நினைத்துக் கருப்பு ரவிக்கை அணிந்து ஆலயம் சென்று வந்திருக்கிறேன். திரும்பிய பிறகு ஞானதுரை கேட்டார்: “என்னட்டி, இப்ப இதுதான் பேஷனா?” ஆமாம் என்றேன்.

22 ஜனவரி 2024, திங்கள்

ஐந்தாம் புட்டி. சுவை — இதுவரை இவ்வளவு அமைதியாக இருந்ததில்லை. துவர்ப்பு எங்கே போயிற்று என்று தேடவேண்டியிருக்கிறது.

நிறம்: பால் கலக்காமல் ஆறிப்போன தேநீர்.

குவளையைத் தங்கவேலுவிடம் நீட்டி, என்ன நிறம் என்று கேட்டேன். “மேடம், நீங்க சொல்றதுதானுங்க நிறம். எங்களக் கேட்டா?” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கு வேறு ஏதோ தெரிந்து, மரியாதைக்காக விழுங்கிக்கொண்டாரோ?

25 ஜனவரி 2024, வியாழன்

கத்தரி ஊதா ஆர்டரில் தைத்து முடித்த பனியன்கள் திரும்பி வந்துவிட்டன. உடல் ஒரு நிறம், கை ஒரு நிறம். கைக்கான துணி வேறு லாட், தனியாகச் சாயமேற்றிய தொகுதி. அதில் நீலம் குறைவு. அந்த லாட்டுக்கு ‘ஷேடு பாஸ்’ என்று கையெழுத்திட்டவள் நான்.

முதலாளி முன்னிலையில் தங்கவேலு சொன்னார்: “மேடம் கண்ணு தப்பாதுங்க. சாம்பிள் ஒண்ணு காட்டிட்டு, சாயத்த வேற போட்டுருக்குதுங்க இந்தப் புள்ள.” புள்ள என்றது நதியாவை, ஊத்துக்குளியிலிருந்து வந்து மூன்றாண்டுகளாக என்கீழ் சாயம் கலப்பவள். திங்கள் முதல் வர வேண்டாம் என்று அவளிடம் சொல்லிவிட்டார்கள்.

நான் கையெழுத்திட்ட அன்று அவள் என்னிடம் சொன்னாள். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. “அக்கா, மெஷின்ல பெயில்னு காட்டுதுங்க.”

நான் சொன்ன மறுமொழி: “இயந்திரத்துக்கு எண் தெரியும், கண்ணு. நிறம் தெரியாது.”

இன்று அவள் அதை எடுத்துச் சொல்லவில்லை. என்னைப் பார்த்தாள். நான் குனிந்து பேனா மூடியைத் தேடினேன்.

27 ஜனவரி 2024, சனி

காலையில் லேபில் ஒருவரும் இல்லை. இந்த நாட்குறிப்பின் முதல் பக்கத்தைத் திறந்து கருந்தாளை நீக்கினேன்.

நாவற்பழத்தோல் என்று என் கையெழுத்து இருக்கிறது. துணி பழுப்பாக இருக்கிறது.

சாயம் போயிருக்கலாம் என்று இயந்திரத்தில் வைத்தேன். நான்காண்டுகளுக்கு முன் குறித்த எண்கள். புள்ளிக்குப் பின்னும் ஏறக்குறைய அவையே.

ஒயின் மாறும். இருட்டில் கிடந்த துணி மாறவில்லை. அப்போ மாறுனது என்ன? யாருட்ட போய்ச் சொல்லுவேன்? நாக்கு கனிஞ்சிருச்சின்னு சொல்லிச்சு, கண்ணும் ஆமாம்னு தலையாட்டிச்சு, ரெண்டையும் நம்பிட்டனே. இந்தக் கண்ண வச்சுத்தானே இருபத்தாறு வருசம் சோறு தின்னேன். இது போயிட்டா நான் யாரு? இன்னும் எத்தன லாட்டு இப்படிப் போயிருக்கும்?

பிறகு எழுதுகிறேன்.

28 ஜனவரி 2024, ஞாயிறு

ஆலயத்தில் பாவ அறிக்கை ஜெபத்தின்போது வாயை மட்டும் அசைத்தேன்.

29 ஜனவரி 2024, திங்கள்

நதியாவின் இருக்கை காலி.

பத்து மணிக்கு முதலாளி அறைக்குச் சென்றேன். பேருந்தில் மனப்பாடம் செய்த வாக்கியம்: “மேற்படி பிழைக்கு முழுப் பொறுப்பும் என்னுடையதே என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.” உள்ளே நுழைந்ததும் வந்த வாக்கியம் வேறு: “சார், எனக்கு ஊதா தெரியலை.”

அவர் தங்கவேலுவை அழைத்தார். தங்கவேலு நம்பவில்லை. இரண்டு ஊதாத் துண்டுகளை என் முன்னால் வைத்து, “எதுங்க மேடம் நீலம் ஜாஸ்தி?” என்றார். சொன்னேன். அவர் துண்டுகளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். முகத்தைத் துடைத்தபடி வெளியேறிவிட்டார்.

நதியாவைத் திரும்ப அழைக்கும் தொலைபேசி அழைப்பை நானே செய்தேன். “நாந்தான் தப்பு, கண்ணு” என்றேன். பிறகு, “நாளைக்கு வாறனுங்க்கா. மெஷினக் கேட்டுட்டு வந்து சொல்றேன், அப்பவாவது நம்புங்க” என்று வைத்துவிட்டாள்.

நான் என்ன ஆவேன் என்று முதலாளி சொல்லவில்லை. கண் டாக்டரைப் பார்த்து வரும்படி மட்டும் சொன்னார்.

7 பிப்ரவரி 2024

இரு கண்களிலும் புரை. சர்க்கரை அதை விரைவுபடுத்தியதாம். மஞ்சள் கண்ணாடி வழியே உலகைப் பார்ப்பதுபோல் நீலம் முதலில் மங்குமாம். முதலில் வலக்கண்; சர்க்கரை கட்டுக்குள் வந்த பிறகு இடக்கண்.

கத்தி வைத்த பிறகும் பழைய கண் திரும்பாவிட்டால்? டாக்டரிடம் கேட்கவில்லை. பதில் வந்துவிடும் என்ற அச்சம்.

19 ஏப்ரல் 2024

வலக்கண்ணின் கட்டை அவிழ்த்தார்கள். மருத்துவமனைச் சுவர் நீலம். செவிலிப் பெண்ணின் பேனா நீலம். அழக்கூடாது என்றார்கள், கண்ணுக்கு ஆகாதாம்.

20 ஜனவரி 2025, திங்கள்

ஆறாம் புட்டி. இடக்கண்ணை மூடினால் குவளையில் கருஞ்சிவப்பு, விளிம்பில் மட்டும் சிறிது செங்கல். வலக்கண்ணை மூடினால் பழைய தேநீர். நதியாவைக் கேட்டேன். “மாதுளச் சாத்துல துளி கருப்பட்டி கரைச்சாப்புலீங்க்கா.” அவள் சொன்னதையே, அவள் பெயரிட்டு, பெர்னாருக்கு எழுதினேன். இரண்டாண்டுகளாக நான் எழுதிய நிறம் பிழை என்றும் எழுதினேன். சுவையை நான் சொன்னேன்: நல்ல மனிதர் ஒருவர் பேசி முடித்தபின் அறையில் நிலவும் அமைதி.

‘ஷேடு பாஸ்’ கையெழுத்து இப்போது நதியாவுடையது. நாள்தோறும் காலையில் அவள் எட்டு ஊதாத் துண்டுகளைக் கலைத்துப் போடுவாள். நான் வெளிறியதிலிருந்து கருத்தது வரை வரிசைப்படுத்துவேன். இன்று ஏழு சரி. தவறிய ஒன்றை அவள் எடுத்து ஓரிடம் தள்ளி வைத்தாள். அந்த இடத்தைக் குறித்துக்கொண்டேன். பிறகு, அவள் பாஸ் செய்யவேண்டிய அடுத்த லாட்டை எடுத்து வரச் சொன்னேன்.