தண்ணீரைத் தொடாத தலையணை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உன் மாமா மட்டும் வழக்கம்போல எல்லோரையும்விடச் சற்றுக் கூடுதல் நலம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, ஆய்வுக்கூட மேசையிலேயே தூங்கிவிடாமல் நலமாக இருப்பாய் என்று நம்புகிறோம். நம்புவது நான், சந்தேகப்படுவது உன் அம்மா.

போனில் நீ அவசரமாகக் கேள்வி கேட்டாய், நாங்கள் அவசரமாகப் பதில் சொன்னோம், கதை பாதியில் நிற்கிறது. சித்தப்பாவின் நாற்றுப் பண்ணைத் தொட்டியில் டீசல் கொட்டிவிட்டது. மோட்டாருக்கு ஊற்றப் போன கேனைத் தொட்டி விளிம்பில் வைத்தது அவரேதான். ஆனால் விசாரணை முடிவில் காற்றுதான் குற்றவாளி என்று தீர்ப்பானது. தண்ணீர் மேலே வானவில் மிதந்தது. பூவாளியை முக்கினால் முதலில் ஏறுவது டீசல். அதை ஊற்றினால் கன்று கருகும், ஊற்றாவிட்டால் வாடும், தண்ணீர் லாரியோ அடுத்த வாரம்தான் வரும். அந்தக் கன்றுகளை விட்டால் அவருக்கு வேறு பிழைப்பு இல்லை. மனுஷன் சாப்பாட்டைப் பிசைந்து வைத்துவிட்டு அப்படியே எழுந்து போனார், நிலைமை எவ்வளவு மோசம் என்று இதிலிருந்தே உனக்குப் புரியும். மாமா வந்து, "பாத்திரம் தேய்க்கிற சோப்பைக் கரைச்சு ஊத்துங்க மச்சான், பிசுக்கு தானா போயிடும்" என்று யோசனை சொன்னார், நல்லவேளை யாரும் அதைக் கேட்கவில்லை. அப்போதுதான் உன் அம்மாவுக்கு நீ போன விடுமுறையில் சொன்னது நினைவுக்கு வந்தது: இலவம் பஞ்சு எண்ணெயைக் குடிக்கும், தண்ணீரைத் தொடாது. தண்ணீரைத் தொடாமல் குடிக்கிறவர் நம் வீட்டில் ஏற்கெனவே ஒருவர் இருப்பதால், அன்றைக்கு நான் அதை அறிவியல் என்று எடுத்துக்கொள்ளவில்லை.

முதலில் போனது என் இலவம்பஞ்சுத் தலையணை. என்னை யாரும் கேட்கவில்லை. சித்தப்பா அதைப் பிரித்து முகர்ந்து பார்த்து, "அண்ணன் தலை நாத்தம் கன்னுக்கு ஆகாது" என்று சோப்புப் போட்டு அலசிக் காயவைத்துத் தொட்டியில் போட்டார். அது கல் மாதிரி அடியில் போய் உட்கார்ந்தது. உனக்குப் போன் போட்டது அதற்குப் பிறகுதான். பஞ்சின் மேல் இயற்கையாகவே மெழுகு இருக்கிறது, தண்ணீரைத் தள்ளுவதே அதுதான், சோப்பு அதைக் கழுவிவிட்டது என்று நீ சிரிக்காமல் சொன்னாய். உன் பொறுமை யாரிடமிருந்து வந்தது என்று தெரியவில்லை, நம் இரண்டு பக்கமும் தேடிப் பார்த்துவிட்டேன்.

வீட்டில் இன்னொரு இலவம்பஞ்சுத் தலையணைதான் இருந்தது. நீ போன நாளிலிருந்து உன் அம்மா யாரையும் தலைவைக்க விடாத அந்தத் தலையணை. அவளே கத்தரிக்கோலை எடுத்தாள். "அவ தலை வெச்ச பஞ்சு, அவ சொன்னா கேக்கும்" என்றாள். பழைய கொசுவலையைக் குழாய் குழாயாகத் தைத்து, பஞ்சை அடைத்து, தொட்டியில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு இழுத்தோம். பஞ்சு மிதந்தது. கறுத்தது. வானவில் சுருங்கிக்கொண்டே போய் ஒரு மூலையில் ஒதுங்கி, பிறகு காணாமல் போனது. பிழிந்தபோது டீசல் வாளியில் விழுந்தது, பஞ்சை மறுபடி போட்டோம், மறுபடி குடித்தது. நான் படித்த புத்தகங்களில் இத்தனை கண்ணியமாக வேலை செய்கிற பாத்திரம் ஒன்றுகூட இல்லை. நீ சொன்னபடி சித்தப்பா அந்தத் தண்ணீரை முதலில் நாலைந்து கன்றுக்கு மட்டும் ஊற்றிப் பார்த்துவிட்டு, பிறகுதான் மற்றவற்றுக்கு ஊற்றினார். நேற்றுப் போனேன், துளிர் விட்டிருக்கிறது. சித்தப்பா இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார். பண்ணைக்கு வருகிறவர்களிடம் எல்லாம், "எங்க அண்ணன் பொண்ணு கண்டுபிடிச்ச பஞ்சு" என்கிறார். இலவ மரம் இதுவரை ஆட்சேபம் தெரிவிக்கவில்லை. எனக்கும் ஆட்சேபம் இல்லை.

வேலை வேலை என்று கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. நீ எடுத்த காரியமெல்லாம் நல்லபடி முடியட்டும், உன் கை பட்ட தண்ணீரெல்லாம் தெளியட்டும். வருகிற தேதியை மறக்காமல் எழுது. உன் அம்மா புதுப் பஞ்சு வாங்கித் தலையணை தைத்து, உன் கட்டிலில் வைத்து, மேலே துணி போட்டு மூடிவிட்டாள். எனக்கு ஒன்று உண்டா என்று கேட்டதற்கு, பஞ்சு தீர்ந்துவிட்டதாம்.

இப்படிக்கு,
மடித்த போர்வைமேல் தலைவைத்துப் படுக்கும்
உன் அப்பா