துவாலை இல்லாத பெரிய வியாழன்

மயிலாப்பூர்,
உயிர்ப்பு ஞாயிறு கழிந்த செவ்வாய்

அன்பு மகள் ரெஜினாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் டப்ளின் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையோடு தொடங்குகிறேன். இங்கே நானும் அம்மாவும் மாத்திரைகளின் தயவில் சுகம். மெட்ரோவுக்காகத் தெருவைத் தோண்டிப் போட்டதிலிருந்து எங்கே போனாலும் சுற்று வழிதான், அம்மா மட்டும் மீன் வாங்கச் சாந்தோமுக்கு நடந்தே போய் நான் செருப்பைத் தேடி முடிப்பதற்குள் திரும்பிவிடுகிறாள். இந்தக் கடிதத்தை அவள் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புவாள், தபாலை நம்பினால் ஞாயிற்றுக்கிழமைக்குள் உன் கைக்கு வராது.

நீ இரண்டு விஷயம் கேட்டிருந்தாய். பெரிய வியாழன் பூசையை யூடியூபில் பார்த்தபோது பங்குத்தந்தை கால்களைக் கழுவிவிட்டு ஈரக் கையோடு ஏன் அப்படி இங்கும் அங்கும் பார்த்துக்கொண்டு நின்றார், துவாலை என்ன ஆயிற்று என்று ஒன்று. வருகிற இறை இரக்க ஞாயிறன்று உங்கள் ஊர்த் தமிழ்க் குடும்பங்கள் கூடும்போது இரக்கத்தைப் பற்றி நீ பேச வேண்டும், குறிப்பு எழுதிக் கொடுங்கள் அப்பா என்று மற்றொன்று. இரண்டாவதை முதலில் முடிக்கலாம் என்று வேதியியல் வகுப்புக்கு எழுதுவது போல எண் போட்டு எழுதிப் பார்த்தேன், அம்மா படித்துவிட்டு நல்லாத்தான் இருக்கு, யாருக்கும் எதுவும் ஒட்டாது என்றாள். கிழித்துப் போட்டேன். முதல் கேள்விக்கான பதிலையே எழுதுகிறேன், உனக்கு வேண்டியது அதில் இருந்தால் எடுத்துக்கொள். துவாலைகள் என்னிடம் இருந்தன. அந்த நேரத்தில் நான் அவற்றோடு ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தேன்.

இந்த வருடம் நம் பங்கில் இரக்கப் பணிக்குழு என்று ஒன்று முளைத்திருக்கிறது. தலைவர் அல்போன்ஸ், உனக்கு ஞாயிறு மறைக்கல்வி எடுத்தாரே, அவரேதான். குழுவில் இருப்பவர்கள் கழுத்தில் அடையாள அட்டை போட்டுக்கொள்கிறார்கள், இரக்கத்துக்கு அட்டை தேவைப்படும் என்று எனக்கு இதுவரை தெரியாது. வழக்கமாகப் பெரிய வியாழனன்று பங்கு மக்களிலிருந்துதானே பன்னிரண்டு பேரை உட்காரவைத்துக் கால் கழுவுவார்கள், இந்த முறை பன்னிரண்டு ஏழைகள், எந்த மதமானாலும் சரி என்று முடிவு செய்தார்கள். நல்ல முடிவுதான். கேமரா வைப்பது என்று முடிவானதும் அதே கூட்டத்தில்தான். பிறகு அல்போன்ஸின் காரில் ஏழைகளைத் தேடிக் கிளம்பினார்கள். ரொம்பவும் ஏழையாக இருக்கக் கூடாது, ஏழை என்று தெரியாமலும் இருக்கக் கூடாது, அதனால் ஆள் கிடைப்பது சிரமமாக இருந்தது. ஒரு இடம் குறைகிறது என்றபோது நம் குடியிருப்பில் மாடிப்படி பெருக்கும் செண்பகத்தின் பெயரை நான்தான் சொன்னேன். அடையாற்றங்கரையில் இருந்த குடிசையை எடுத்துவிட்டுப் பெரும்பாக்கத்தில் கொண்டுபோய் வைத்தார்களே, அங்கிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள். அவளுக்குச் சர்க்கரை, காலில் எதையோ துணியால் சுற்றிக்கொண்டு கொஞ்ச நாளாக நொண்டிக்கொண்டிருந்தாள். நானும் தினமும் பார்த்து, என்னம்மா கால் எப்படி இருக்கு என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் மேலே ஏறிக்கொண்டிருந்தேன்.

இனி எழுதப்போவதை நீ நம்பமாட்டாய். பங்குத்தந்தை தொடப்போகும் கால் அழுக்காக இருந்தால் அவருக்கு மரியாதைக் குறைவாம், கேமராவிலும் அசிங்கமாம். அதனால் பூசைக்கு முன்பே கோவிலின் பின்பக்கக் குழாயடியில் பன்னிரண்டு பேரையும் உட்காரவைத்துச் சோப்புப் போட்டுக் காலைக் கழுவச் சொன்னார்கள், குதிகால் தேய்க்கக் கல்லும் வைத்திருந்தார்கள். கால் கழுவும் சடங்குக்குக் காலைக் கழுவிக்கொண்டு வா என்று சொல்ல நம் ஆட்களால் மட்டும்தான் முடியும். கடைசி இராவுணவன்று மேல்மாடியில் ஆண்டவர் சீடர்களின் காலைக் கழுவக் குனிந்தபோது பேதுரு, ஆண்டவரே நீர் என் கால்களைக் கழுவவே விடமாட்டேன் என்றாரே, அது பணிவு என்றுதான் இத்தனை வருடம் பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். எனக்கென்னவோ அவருக்குக் காலில் இருந்த தெருப் புழுதியை நினைத்துக் கூச்சம் என்றே தோன்றுகிறது. ஆண்டவர் புழுதியோடுதான் அந்தக் காலைப் பிடித்தார். அல்போன்ஸ் அந்த மேல்மாடியில் இருந்திருந்தால் பன்னிரண்டு சீடர்களையும் முதலில் குழாயடிக்கு அனுப்பியிருப்பார். இப்படி ஏளனமாக எழுதுவது ஒரு கிறிஸ்தவனுக்குத் தகுமா என்று தெரியவில்லை, இந்தப் பத்தியை அடித்துவிடலாமா என்று அம்மாவைக் கேட்டேன், இன்னும் ரெண்டு வரி சேருங்க என்கிறாள்.

எனக்குக் கொடுத்த வேலை புதுத் துவாலைகளைத் தாங்கிக்கொண்டு நிற்பது. குழாயடியில் செண்பகத்தின் முறை வந்தபோது, சார் துணிய அவுக்க வேணாமே என்றாள், அல்போன்ஸ் அவுக்காம எப்படிம்மா கழுவறது என்றார். அவிழ்த்தாள். கால் விரல் ஒன்று கறுத்திருந்தது, பாதம் வீங்கியிருந்தது, வாடை வந்தது. அல்போன்ஸ் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு மிகவும் இரக்கமான குரலில், நீங்க உடம்பைப் பாத்துக்குங்கம்மா, அடுத்த வருஷம் கண்டிப்பா உக்காரலாம் என்றார். அவள், அடுத்த வருஷம் காலு இருந்தா இட்டாந்து காட்றேன் சார் என்றாள். இரண்டு பேர் சிரித்தார்கள். அவள் கையில் புதுப் புடவைப் பையைக் கொடுத்து வெளியே அனுப்பிவிட்டு, அவளுடைய நாற்காலிக்கு அல்போன்ஸின் மைத்துனரைக் கூப்பிட்டார்கள், கேமராவில் கடைசியில் உட்கார்ந்திருந்த அந்தப் பவுடர் போட்ட கால் அவருடையது. நானும் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆனால் அந்தக் கைக்குட்டையின் பக்கத்தில் அதற்கு மேல் நிற்கவும் முடியவில்லை, கால்கள் தாமாக வாசலுக்கு நடந்தன. அவள் மதிலோரம் உட்கார்ந்து மறுபடி துணியைச் சுற்றிக்கொண்டிருந்தாள், வா ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன், உள்ள பாட்டு ஆரம்பிச்சிட்டாங்களே சார், நீ போவலியா என்றாள்.

ஆட்டோக்காரப் பையன் ஜீஷான் என்னைப் பார்த்ததும், இன்னா பெருசு, துணிக்கடைய தூக்கிக்கினு ஓடியாந்துட்டியா என்று கேட்டபிறகுதான் துவாலைகள் கையிலேயே இருப்பது தெரிந்தது. திரும்பப் போய்க் கொடுத்துவிட்டு வரத்தான் நினைத்தேன், ஆனால் போனால் அங்கேயே நின்றுவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். ஒன்றை எடுத்து அவள் காலில் சுற்றினோம். குழிகளில் வண்டி தூக்கிப்போட்டபோது அவள் வலியில் முனகினாள், காலை என் மடியில் வை என்றேன், வைத்ததும் என் முகம் என்னை மீறிக் கோணிவிட்டது. அவள் அதைப் பார்த்துவிட்டு, மூக்க மூடிக்கோ சார், நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன், எனக்கே கஷ்டமாத்தான் கீது என்றாள். மகளே, நீ கேட்ட இரக்கத்தை அன்று நான் நேரில் பார்த்தது அந்த ஒரு இடத்தில்தான், அதை எனக்குக் காட்டியவள் அவள். நான் ஆட்டோவில் ஏறியது இரக்கத்தால் என்று யாரிடமும் சொல்லிவிடாதே. அல்போன்ஸ் மேல் இருந்த வெறுப்பில் ஏறினேன். அதுபோன்ற ஒன்றை ஆண்டவர் கணக்கில் எடுப்பாரா என்று எனக்கு விளங்கவில்லை.

ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில் அன்றே சேர்த்துக்கொண்டார்கள். பெரிய சனியன்று விரலை எடுத்துவிட்டார்கள், பாதத்தைக் காப்பாற்றிவிடலாம் என்றுதான் நினைக்கிறோம், நாளைக்குக் கட்டைப் பிரித்துப் பார்த்துச் சொல்கிறோம் என்கிறார் டாக்டர். நேற்றுக் கஞ்சி கொண்டுபோனபோது துவாலை இல்லாமல் பூசையில் நடந்ததைச் சொன்னேன், பாதரு கை ஈரமாவா நின்னாரு, சொல்லியிருந்தா என் புதுப் புடவைய குடுத்திருப்பேனே என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அல்போன்ஸுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. காலையில் போன் செய்து, வெளிநாட்டிலிருந்தெல்லாம் கேட்கிறார்கள், பங்குக்கே அவமானம், நாளை அன்பியக் கூட்டத்துக்கு வரும் தெருக் குடும்பங்கள் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேளுங்கள் என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். மன்னிப்புக் கேட்பது எனக்கு மூச்சு விடுவது போல, உனக்குத் தெரியும். மற்றதை நாளைக் கூட்டம் முடிந்தபின் எழுதுகிறேன்.

புதன் மாலை. பாதம் தப்பித்துவிட்டது. மதியம் டாக்டர் சொன்னார், ஆனால் சில வாரங்கள் காலை ஊன்றக் கூடாதாம், பஸ் ஏறவே கூடாதாம். அதுவரை அவள் நம் வீட்டில் இருக்கட்டும் என்று அம்மா உன் அறையை ஒழித்துவிட்டாள், உன் அலமாரியைத் தொடவில்லை என்று எழுதச் சொன்னாள். செண்பகம், வர்றேன், ஆனா இந்த சார் முழிக்கிற முழியப் பாத்தா எனக்கே பாவமா கீது என்கிறாள். அங்கிருந்து நேராகக் கூட்டத்துக்குப் போனேன். துவைத்து மடித்த துவாலைகளை மேசைமேல் வைத்தேன், அல்போன்ஸ் எண்ணிப் பார்த்துவிட்டு, ஒண்ணு குறையுதே சார், செட்டா வாங்கினது என்றார். அது செண்பகத்தின் காலுக்குப் போயிற்று என்றேன். அல்போன்ஸ் உண்மையாகவே புரியாமல், செண்பகமா, அது யாரு என்று கேட்டார். பேருந்திலேயே ஒத்திகை பார்த்து வைத்திருந்த மன்னிப்பு வாக்கியம் அப்படியே வாயில் நின்றுவிட்டது. அதை நான் சொல்லாமலே வந்துவிட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, குழந்தைக்குக் காதை மூடித் தொப்பி போடு. போன வாரம் பேசும்போது உன் அலுவலகத்தில் தரை துடைக்கும் ஒரு அம்மாளைப் பற்றி ரொம்பப் பாவம் அப்பா என்று நெடுநேரம் சொன்னாய். அவர் பெயரை மட்டும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை பேச எழுந்திருப்பதற்கு முன் அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு எனக்கு எழுது. ஆண்டவர் உன்னையும் உன் வீட்டையும் தம் கைக்குள் வைத்திருப்பாராக.

உன் அப்பா,
அ. இன்னாசிமுத்து