முனியப்பனுக்கு நேர்ந்த கிடாய்

முனியப்பன் துணை.

மல்லசமுத்திரம் காட்டிலிருந்து அம்மா, அன்பு மகன் இளவழகனுக்கு எழுதுவது. எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை சாமி, அந்தத் தான்சானியா நாட்டில் போர் போடும் ரிக் வண்டியும் புழுதியுமாகக் கிடக்கும் உனக்கும் ஒரு குறையும் வராமல் அவன்தான் காக்க வேண்டும். போனில் பேசினால் வாரேம்மா வாரேம்மா என்று சொல்லியே வைத்துவிடுகிறாய், எனக்கும் கேட்க வந்தது மறந்துபோகிறது. உங்கள் ரிக்குக்கு மெக்கானிக்காக வரும் செங்கோட்டையன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன், நிதானமாகப் படி.

பட்டியில் இந்த மாசியில் ஒன்பது குட்டி விழுந்தது, ஆறு போய்விட்டது. ஒன்றுக்குக் கீழ்த்தாடை உள்ளே போய்க் காம்பைக் கவ்வ முடியவில்லை, பாலைப் பீய்ச்சிப் புட்டியில் புகட்டிப் பார்த்தேன், மூன்றாம் நாள் என் மடியிலேயே அடங்கிவிட்டது. ரெண்டுக்கு முன்னங்கால் ஊன்றவே இல்லை. மற்றதெல்லாம் பிறந்ததே பூனைக்குட்டி அளவுதான். அப்பா ஒவ்வொன்றையும் கிளுவை வேலியோரம் புதைத்துவிட்டு வந்து சோறு வேண்டாம் என்று உட்கார்ந்துகொள்கிறார். போன ஈத்தில் ரெண்டு நோஞ்சானாகப் பிறந்தபோதே நான் விழித்திருக்க வேண்டும், மழை ஈரம் என்று நினைத்துவிட்டேன். பக்கத்துக் காட்டு மாரக்காள் கண்ணேறு என்றாள், மிளகாய் சுற்றிப் போட்டேன்.

கடைசியில் மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா சித்ராவைக் கூட்டிவந்தோம். நான் எழுதிவைக்கும் குட்டி நோட்டை வாங்கிப் பார்த்தார்கள். பிறந்த தேதி, தாய், அப்பன் என்று கட்டம் போட்டு எழுதியிருக்கிறேன் அல்லவா, அப்பன் கட்டத்தில் பக்கம் பக்கமாக மேற்படி, மேற்படி என்றே இருந்தது. ஏனுங்கம்மா, இத்தனை சுத்தமாக எழுதின நீங்களே இதைப் பார்க்கலைங்களா, ஒரே கிடாய் தன் மகளோடயே சேர்ந்தால் குட்டி எப்படிங்க விளங்கும் என்று கேட்டார்கள். என் கையால் எழுதினது சாமி அது. தப்பில்லாமல் எழுதினேன், படிக்கத்தான் தெரியவில்லை.

நீ கிளம்பின வருசம் மேச்சேரிச் சந்தையில் அஞ்சு பெட்டையும் ஒரு கிடாய்க்குட்டியும் வாங்கினது உனக்கு நினைவிருக்கும். இருபத்தஞ்சு ஆடு சேர்ந்துவிட்டால் நீ ஊரோடு இருந்து பிழைத்துக்கொள்ளலாம் என்றுதான் வாங்கினோம். அன்றைக்கே கிடாயின் காதை நறுக்கி, என் பிள்ளை ஊர் திரும்பினதும் உனக்கு என்று முனியப்பனுக்கு நேர்ந்துவிட்டேன். ரெண்டு வருசம் என்றுதான் நீ சொன்னாய், ஐந்து முடிந்துவிட்டது. நேர்ந்த கிடாயை விற்கவும் கூடாது, கட்டிப்போடவும் கூடாது. வேறு கிடாய் வாங்கலாமா என்று அப்பா ரெண்டு தடவை கேட்டார். சாமி கிடாய் போடுகிற குட்டிக்கு என்ன குறை வந்துவிடும் என்று நான்தான் அவர் வாயை அடைத்தேன். இப்போது அவர் ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை, அதுதான் தாங்கவில்லை. மிச்சம் பத்தொன்பது பெட்டை இருக்கிறது, ஆடிக்குள் இந்தக் கிடாய் போய்ப் புதுக் கிடாய் வராவிட்டால் பட்டியே வீண் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டுப் போனார்கள்.

பூசாரி மாதையனிடம் போய் அழுதேன். நீ இல்லாமலும் வெட்டலாமாம், அப்பா கயிற்றைப் பிடித்தால் போதுமாம். ஆனால் நேர்ந்த வார்த்தையை மாற்றிச் சொல்ல வேண்டும், பிள்ளை திரும்பி வருவதற்கு என்று இல்லாமல், எங்கே இருந்தாலும் நல்லா இருக்கட்டும் என்று. சின்ன வார்த்தைதானே ஆத்தா, சொல்லிட்டுப் போ என்றார். வெள்ளிக்கிழமை கோயில் வரைக்கும் போனேன். சூடம் எரிந்து முடிந்தது, என் வாயில் அந்த வார்த்தை வரவில்லை. கிடாய் பின்னாலேயே வந்து என் முந்தானையை மென்றுகொண்டு நின்றது. இரண்டு பேரும் திரும்பி வந்துவிட்டோம்.

அதனால்தான் கேட்கிறேன். உன்மேல் கோபமில்லை, அங்கே உனக்குப் பிடித்திருந்தால் அதுவும் அவன் கொடுத்ததுதான். தண்ணீரைக் காய்ச்சிக் குடி, ரிக் ஓடும்போது காதில் பஞ்சு வைத்துக்கொள், வாரத்துக்கு ஒருநாள் எண்ணெய் தேய்த்துக் குளி. முனியப்பன் உன் கூடவே நிற்பான், நூறு வயசு நல்லா இருக்க வேண்டும் நீ. ஆடி பிறப்பதற்குள் பதில் சொல்லு. வாரேன் என்று மட்டும் சொல்லாதே சாமி. தேதி சொல்லு, இல்லையென்றால் இல்லை என்று சொல்லு. அப்படி நீ சொன்னால் அந்த வார்த்தையை நான் மாற்றிச் சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
உன் வரவுக்கு நேர்ந்ததை இன்னும் மாற்றிச் சொல்லாத அம்மா,
ரா. சௌந்திரம்