வாவிக்கரை முறைப்பட்டியல்

ஒக்டோபர் 2, வியாழன்

காலை 5.50. தூறல். கண்டி வாவி, கல்படிக்குப் பக்கத்தில், வழக்கமான இடம். நீர்க்காகம் பதினொன்று. கொக்கு நான்கு. மீன்கொத்தி ஒன்று, கம்பியில். கூழைக்கடா ஒன்று, ஓய்வூதிய வரிசையில் நிற்பவரின் முகத்துடன்.

மனிதர் ஒருவர்: புஷ்பம் அக்கா. எங்கள் சபையின் மாதர் சங்கத் தலைவி, ஓய்வுபெற்ற தாதி, வயது எழுபத்தொன்று. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நாற்பது வருடம். பேச்சு மட்டும் இன்னும் புறப்படவில்லை. கையில் ஒரு குடும்பத்துக்கே போதுமான குடை.

"தம்பி, இதிலையோ நிக்கிறியள்?"

"ஆமாக்கா."

"நானும் சும்மா நடக்க வந்தனான்."

முழங்கால் வலியென்று ஆராதனையில் எழுந்து நின்று பாடக்கூட மறுப்பவர். அம்பிட்டியவிலிருந்து இருட்டோடு பஸ் ஏறி நடக்க வந்தாராம். அரை மணி நேரம் பக்கத்தில் நின்றார். ஓர் அடி நடக்கவில்லை. நீர்க்காகங்களைத் தாரா என்றார். தாரா என்றால் வாத்து என்று திருத்தினேன். "எல்லாம் தாரா இனந்தான்" என்றார். அந்த அளவில் பறவையியல் முடிந்தது.

வாங்க: தேங்காய், சவர்க்காரம், சுவர்க் கடிகாரத்துக்கு பற்றரி.

ஒக்டோபர் 3, வெள்ளி

வெளிச்சம் நன்று. நீர்க்காகம் ஒன்பது. ஒரு தனி ஆண், இறகை விரித்தபடி, அசைவில்லை.

போதகர் ஜெயசீலன் ஓடிக்கொண்டு வந்தார். முப்பத்திரண்டு வயது, பன்வில தோட்டத்துப் பிள்ளை, நல்லவர். ஓடும் பழக்கம் உள்ளவரென்று இதுவரை தெரியாது. காலில் ஆராதனைக்குப் போடும் தோல் சப்பாத்து.

"சார், நல்லா இருக்கீங்களா?"

"நல்லா இருக்கேன்."

"இல்ல சார், உள்ளுக்குள்ள நல்லா இருக்கீங்களா?"

உள்ளுக்குள் காலைச் சாப்பாடு இல்லை என்றேன். என் தோளில் கையை வைத்து, கண்ணை மூடி, மௌனமாக ஜெபித்தார். திறந்தபோது மீன்கொத்தி போய்விட்டது. ஆமென்.

ஒக்டோபர் 4, சனி

புதிர் அவிழ்ந்தது. எரிச்சல் தீரவில்லை.

இன்று பளீல். மடவளையில் பலசரக்குக் கடை. விடியலில் டவுனுக்கு வேனில் சாமான் ஏற்றி வருபவர். வேனை வாவியோரம் நிறுத்திவிட்டு, பால் விடாத இரண்டு பிளேன்டியுடன் வந்தார்.

"சேர், இன்டக்கி என்ட முறை."

"என்ன முறை?"

"அல்லாவே, ஒங்களுக்குச் செல்லல்லியா?"

போனைக் காட்டினார். வாட்ஸ்அப்பில் திங்கள் முதல் சனி வரை பட்டியல். தலைப்பு: 'சகோதரர் தானியேல் - வாவிக்கரை'. கீழே விளக்கம்: மனைவி மெர்சி இறந்ததிலிருந்து இவர் விடியலில் தனியாகத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். ஒருநாளும் தனியே விடக் கூடாது. அவருக்குத் தெரியவும் கூடாது.

ஆக, நான் குதிக்கப் போகிறேன். அதைத் தடுக்க ஒரு குழு. சனிக்கிழமைக்குச் சபையில் ஆள் கிடைக்காமல், புஷ்பம் அக்கா அரிசி வாங்கப் போன இடத்தில் முஸ்லிம் ஒருவரையும் சேர்த்திருக்கிறார்.

"நான் பறவை பாக்கிறேன் பளீல்."

"அதத்தான் நானும் சென்னேன் சேர். அந்தப் பொம்புள கேக்குறாங்க, பறவ பாக்குற மனுசன் மேலதானே பாக்கணும், ஏன் கீழ தண்ணியப் பாக்குறார் என்டு."

"தண்ணிப் பறவை, பளீல்."

"சரி சேர். குடிங்க. சீனி கூடப் போடச் சென்னேன்."

குடித்தேன். பாகு.

ஒக்டோபர் 5, ஞாயிறு

பிரசங்கம் அடைக்கலான் குருவி பற்றி. கண்டி டவுனில் அடைக்கலானைத் தேடித்தான் பிடிக்க வேண்டும் என்ற தகவலை யாரிடமும் சொல்லவில்லை.

பிறகு பொது ஜெபம். போதகர்: "பெயர் சொல்ல விரும்பாத, வாவிக்கரையில நிக்கிற நம்ம அன்புச் சகோதரருக்காக." நூற்றிருபது தலைகள் மரியாதையாகக் குனிந்தன. பிறகு நூற்றிருபதும் திரும்பி என்னைப் பார்த்தன.

ஆராதனை முடிந்து மண்டபத்தில் தேநீர், பற்றிஸ். புஷ்பம் அக்காவை நேரே மடக்கினேன். சாட்சியாகப் பறவைக் குறிப்பேட்டை நீட்டினேன். கண்ணாடி போட்டு, நோயாளி அட்டையை வாசிக்கும் குரலில் வாசித்தார்.

"'தனி ஆண். நனைஞ்சிருக்கு. அசைவில்லை. உணவு எடுக்கவில்லை. துணை இல்லை.' இது ஆர் தம்பி?"

"நீர்க்காகம்."

"ஓமோம்" என்றார். முதுகைத் தடவினார். இன்னொரு பற்றிஸ் தட்டில் வைத்தார்.

ஒக்டோபர் 6, திங்கள்

போயா, பௌர்ணமி விடுமுறை. கடைகள் மூடல். மேகமூட்டம்.

இடத்தை மாற்றினேன். எதிர்க்கரை, மரத்துக்குப் பின்னால். ஆறு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக ஆறுமணிக்குருவியின் குரல், மேலே காட்டுப் பக்கத்திலிருந்து. வலசை வந்துவிட்டது. அவ்வளவு கடலையும் தாண்டி வந்த ஒன்றரைப் பிடிக் குருவி. தனிமையில் கேட்டது சரியாக நான்கு நிமிடம்.

பிறகு போதகர். இம்முறை உண்மையாகவே ஓடி வந்திருந்தார். முகத்தில் இரத்தமில்லை. சப்பாத்தில் ஒன்றைக் காணவில்லை.

"இடத்த மாத்திட்டீங்களே சார். அங்க வந்து பாத்தா ஆளக் காணோம். நா... நா தண்ணியத்தான் பாத்தேன் சார்."

மூச்சு வாங்கிக்கொண்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை.

பகல் இரண்டு மணி. இதை இங்கே மட்டும் எழுதலாம். குழு சொல்வது பிழையில்லை. மாதந்தான் பிழை.

பெப்ரவரி. மெர்சியை அடக்கம் பண்ணி மூன்று வாரம். அன்று தொலைநோக்கி கிடையாது. பறவையிலும் அக்கறை கிடையாது. கல்படி தண்ணீருக்குள் இறங்கும் இடத்தில், கடைசிப் படியில் நின்றேன். அப்போது ஒரு நீர்க்காகம் மேலே வந்தது, வாயில் தன் கழுத்தைவிட இரண்டு மடங்கு அகலமான திலாப்பியா மீனுடன். விழுங்கப் பார்த்தது, முடியவில்லை. விடவும் மனமில்லை. பத்து நிமிடம். முப்பத்தைந்து வருடம் நூலகத்தில் வேலை பார்த்தவன் நான். எவ்வளவு மோசமான புத்தகத்தையும் கடைசிப் பக்கம் பாராமல் மூடியதில்லை. பார்த்துக்கொண்டே நின்றேன். ஒருவழியாக விழுங்கிவிட்டது. அதற்குள் விடிந்து, பள்ளிக்கூட வேன்கள் வரத் தொடங்கிவிட்டன. நனைந்த சப்பாத்துடன் வீட்டுக்குப் போய் முட்டை பொரித்துச் சாப்பிட்டேன். மறுநாள், மெர்சியின் தம்பி விட்டுப்போன பழைய தொலைநோக்கியை அலுமாரியிலிருந்து எடுத்தேன்.

போதகர் இதைக் கிருபை என்பார். நீர்க்காகத்துக்கு அப்படியொரு நோக்கம் இருந்ததாகத் தெரியவில்லை. அதை யார் அனுப்பியது என்ற கேள்வியை எட்டு மாதமாகத் தள்ளிப்போட்டு வருகிறேன். குழுவிடம் சொல்லப் போவதில்லை. சொன்னால் பட்டியல் இரண்டு வேளையாகும்.

ஒக்டோபர் 9, வியாழன்

நல்ல மழை. நீர்க்காகம் பதினான்கு. புஷ்பம் அக்காவின் முறை. வரவில்லை.

6.15: வரவில்லை. 6.40: வரவில்லை. நிம்மதியாக இருக்க வேண்டும். பறவை எண்ணுவதில் மூன்று தடவை பிழை விட்டேன். ஏழு மணிக்கு அம்பிட்டிய பஸ் ஏறினேன்.

அக்காவின் வீட்டுக் கதவு சாத்தியிருக்கவில்லை. காலைக் கதிரையில் நீட்டி, முழங்காலில் துவாய் சுற்றி உட்கார்ந்திருந்தார். தனி வீடு. மகன் மெல்பேர்னில்.

"இன்னைக்கு வியாழன்" என்றேன்.

"தெரியும். காலைப் பாருங்கோ, பலாக்காய் மாதிரி."

"வர ஏலாட்டி ஒரு மெசேஜ் போடக் கூடாதா அக்கா? ஏழு மணி வரைக்கும் நின்னேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. அவர் சிரிக்கவில்லை. குசினிக்குப் போய்த் தண்ணீர் கொதிக்க வைத்தேன். ஒரு மனிதரின் முகத்தைப் பாராமல் பேசுவதற்கு அதுதான் வசதியான இடம். அங்கிருந்தபடி பெப்ரவரியைச் சொன்னேன். திலாப்பியாவையும் சேர்த்து.

"தெரியும்" என்றார் உள்ளேயிருந்து.

"என்ன தெரியும்?"

"பஸ்ஸுக்குள்ளை இருந்து கண்டனான். கடைசிப் படியிலை, சப்பாத்தோடை நிண்டனீங்கள். மணி அடிச்சு இறங்கியிருக்கலாம். பிந்தினா சந்தையிலை நல்ல மீன் முடிஞ்சிடும் எண்டு இருந்திட்டன்."

தேயிலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"அண்டைக்கு வாங்கின மீனைச் சமைக்கேல்லைத் தம்பி. போனை மடியிலை வச்சுக்கொண்டு இருந்தன், ஆராவது செய்தி சொல்லுவினம் எண்டு. ஞாயிறு நீங்கள் வந்து, பாட்டு இழுக்குது எண்டு குறை சொன்னியள். அப்பதான் எனக்கு மூச்சு வந்தது."

"அப்புறம் ஏன் எட்டு மாசம் கழிச்சுப் பட்டியல்?"

"முதல் கேக்கப் பயம். கேட்டா, ஓம் எண்டு சொல்லிப்போடுவியள். இப்ப மழை துவங்கீட்டுது. படி வழுக்கும்."

தேநீரைக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, இது தேநீரல்ல, கைகழுவின தண்ணி என்றார். இருவரும் முழுவதும் குடித்தோம்.

வீடு வந்து ஜெபித்தேன். ஜனவரிக்குப் பிறகு முதல் தடவை. முழு வாசகம்: நன்றி. ஆட்களைக் கொஞ்சம் குறைக்கவும். ஆமென்.

ஒக்டோபர் 10, வெள்ளி

ஜெபத்துக்கு உடனே பதில், எதிர்த்திசையில். புஷ்பம் அக்காவிடமிருந்து வாட்ஸ்அப்: புதிய பட்டியல், புதிய தலைப்பு. எட்வின் மாஸ்டர். எங்கள் சபைதான், பேராதனைப் பக்கம் வீடு, செப்டம்பரில் மனைவியை அடக்கம் பண்ணினார். விடியலில் பேக்கரிக்குப் போய், பழக்கத்தில் இரண்டு பாண் வாங்கிவிட்டு, வீட்டுக்குப் போக மனமில்லாமல் வாசலிலேயே நிற்கிறாராம். திங்கள்: தானியேல்.

அக்காவுக்குப் போன் எடுத்தேன். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது என்றேன். பைபிளை எதிர்த்து வாதாடத்தான் தெரியும் என்றேன்.

"ஒண்டும் சொல்ல வேண்டாம். பக்கத்திலை நில்லுங்கோ."

"என்னன்னு சொல்லி நிக்கிறது?"

"பாண் வாங்க வந்தனான் எண்டு சொல்லுங்கோ. உங்களுக்கு எல்லாத்துக்கும் விளக்கம் வேணும். வைக்கிறன்."

வைத்துவிட்டார்.

ஒக்டோபர் 13, திங்கள்

காலை 5.40. பேராதனை. பனி. பறவை: காகம் மட்டும், எண்ணவில்லை.

எட்வின் மாஸ்டர் பேக்கரி வாசலில், கக்கத்தில் இரண்டு பாண். பக்கத்தில் போய் நின்றேன். பிறகு அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"என்ன தானியேல் சார், இந்த நேரத்துல இவ்வளவு தூரம்? ஒங்களுக்கு ஏதும் மனக்கஷ்டமா?"

இல்லை, பாண் வாங்க வந்தேன் என்றேன். நம்பவில்லை. அடுத்த போறணைப் பாண் வெந்து வர இன்னும் கால் மணி நேரமாகும் என்றார்; அதுவரை என்னோடு நிற்பதாகவும் சொன்னார்.