நெட்டைக்குக் கிடைத்த உதவி

ஜூலை 4

ஆய்வக அறிக்கை பாதியில் நிற்கிறது. எழுத உட்காரும்போதெல்லாம் போன் அதிர்கிறது. எடுத்தால் திட்டு; எடுக்காவிட்டால் வேறு எண்ணிலிருந்து திட்டு. தலையணைக்கு அடியில் போட்டுவிட்டு எழுதுகிறேன். அங்கிருந்தும் கேட்கிறது.

கடன் தொடங்கியது அப்பாவின் பட்டறையில் வேலையே வராத ஒரு மாதத்தில். பருவக் கட்டணத்துக்குக் கடைசி நாள். பாதிக் கட்டணத்துக்காவது ஆகும் என்று போனில் ஒரு கடன் செயலியில் சின்னத் தொகைதான் வாங்கினேன். அதை அடைக்க இன்னொரு செயலி, அதை அடைக்க மூன்றாவது. அறைத்தோழன் நெட்டை சிரிக்கிறான். "தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்னடா?" அவனுக்கும் அதே வெள்ளம்தான். வகுப்பு முடிந்ததும் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோகும் வேலைக்காகத் தவணையில் பைக் வாங்கினான். மழையில் சறுக்கி விழுந்ததில் பைக் போய்விட்டது, தவணை போகவில்லை. முழங்கால் இன்னும் சரியாக மடங்கவில்லை.

ஜூலை 9

அக்கா பேசினாள். மாமாவின் போனுக்கு என் படம் வந்திருக்கிறது. அடையாள அட்டையில் இருக்கிற அதே படம். கீழே ‘திருடன்’ என்று எழுத்து. அவள் மாமியாருக்கும் அனுப்பியிருக்கிறார்கள். என் போனில் இருக்கும் எண்களையெல்லாம் பார்க்கலாமா என்று செயலி கேட்டபோது, சரி என்று அழுத்தியது நான்தானே.

"மாமா ஒண்ணுமே சொல்லலடா. அதான் பயமா இருக்கு" என்றாள்.

என்ன சொல்றது அவகிட்ட? வெச்சுட்டேன்.

ஜூலை 10

அப்பாவின் பழைய போனில் படம் வராது. அது ஒன்றுதான் ஆறுதல்.

ஜூலை 15

பல்கலைக்கழகப் பின்வாசல் பேக்கரிக்கு நெட்டை கூட்டிப்போனான். அங்கே ஒருவர் மாணவர்களின் கடனை அடைத்துக் கொடுக்கிறாராம். அவர் பெயர் யாருக்கும் தெரியவில்லை, வெள்ளைச்சட்டை என்கிறார்கள். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். சாப்பிட்டீர்களா என்று கேட்டு வாங்கிக் கொடுத்தார். எந்தத் துறை, எந்த ஆண்டு, யாரிடம் எவ்வளவு பாக்கி என்று அவரே சொன்னார். நாங்கள் எதையும் சொல்லியிருக்கவில்லை.

வெளிநாட்டில் கணினி வேலை, ஒரு வருடம். தங்கும் இடமும் சாப்பாடும் அவர்களுடையது. கடன் முன்கூட்டியே அடைபடும். திரும்பி வந்து படிப்பைத் தொடரலாம். பாஸ்போர்ட் இருக்கிறதா என்று கேட்டார். நெட்டையிடம் இருந்தது, என்னிடம் இல்லை. மேசைமேல் கிடந்த செய்தித்தாளை நெட்டையிடம் நீட்டி, சத்தமாக ஒரு பத்தி படிக்கச் சொன்னார். படித்தான்.

"குரல் நல்லாருக்கு தம்பி" என்றார்.

கணினி வேலைக்குக் குரல் எதுக்கு? கேட்க நினைத்தேன். வாயில் அவர் வாங்கிக் கொடுத்த கேக் இருந்தது.

ஜூலை 16

நெட்டையின் தவணை பாக்கி முழுக்க அடைந்துவிட்டது. குறுஞ்செய்தி வந்ததும் அந்த முழங்காலோடு அறையில் ஆடினான். எனக்கும் சிரிப்பு வந்தது. பொறாமையும் வந்தது, எதற்கு மறைக்க வேண்டும்? பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்துவிட்டு வரும்படி வெள்ளைச்சட்டை எனக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

ஜூலை 18

கட்டண பாக்கி உள்ளவர்கள் மாணவர் நலப்பிரிவில் கையெழுத்துப் போட வேண்டும் என்று துறை எழுத்தர் துரத்திவிட்டார். அதனால்தான் போனேன். புத்தி வந்து போகவில்லை.

அங்கே ஒரு மேடம். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு அதையே மேசையில் தேடிக்கொண்டிருந்தார். கையெழுத்துப் போடும்போது என் போன் அதிர்ந்தது. எடுக்காமல் நின்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, இப்படிக் கொடு என்று வாங்கி அவரே பேசினார். "பல்கலைக்கழக மாணவர் நலப்பிரிவுலேருந்து பேசறேன். உங்க பேரு, நிறுவனத்தோட பேரு ரெண்டையும் சொல்லுங்க." அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள். அவ்வளவு நாளாக என்னை நடுங்க வைத்தவர்கள்.

பிறகு எல்லாவற்றையும் கேட்டார், திட்டவில்லை. அவசர உதவித்தொகை இருக்கிறது, ஆனால் குழு கூட வேண்டும். செயலிகள்மேல் புகார் கொடுக்கலாம், ஆனால் நாளாகும். அப்பாவிடம் நான்தான் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றிலும் ஓர் ‘ஆனால்’.

வெள்ளைச்சட்டையைப் பற்றிச் சொன்னபோது பேனாவைக் கீழே வைத்தார்.

"பாஸ்போர்ட்ட குடுத்தாச்சா?"

"எனக்கு இல்ல மேடம். என் ரூம்மேட் குடுத்துட்டான்."

"அவன இன்னிக்கே கூட்டிட்டு வா."

ஜூலை 19

வர மாட்டேன் என்கிறான். "உங்க மேடம் ஃபார்ம் குடுப்பாங்க. இவரு கடன அடைச்சே குடுத்துட்டாரு. இதுல எதுடா உதவி?"

வெளுத்ததெல்லாம் பால் இல்லை என்றேன். பழமொழியால் பாக்கி அடையாது என்றான். பிறகு, இப்போது போகாவிட்டால் அடைத்ததை இரண்டு மடங்காகக் கேட்பார்களாம் என்று சுவரைப் பார்த்துச் சொன்னான். சுவரைப் பார்த்தா பேசுவான் அவன்?

ஜூலை 23

வகுப்பிலிருந்து வந்தால் அவன் படுக்கை சுருட்டி வைத்திருக்கிறது. செருப்பு இல்லை. வீட்டில் வேலைப் பயிற்சி என்று சொல்லியிருக்கிறான்.

மேடத்திடம் ஓடினேன். அவர் உடனே காவல் நிலையத்துக்குப் பேசினார். வயது வந்தவன், தானாக டிக்கெட்டோடு போயிருக்கிறான், இதில் என்ன குற்றம் என்றார்களாம்.

ஆகஸ்ட் 6

குழு கூடிவிட்டது. கட்டணத்தைப் பல்கலைக்கழகமே கட்டுகிறது. செயலிக் கடனில் வாங்கிய அசலை மட்டும் சிறுகச் சிறுகக் கட்டினால் போதும் என்று மேடம் பேசி முடித்திருக்கிறார். நூலகத்தில் புத்தகம் அடுக்கும் வேலையும் உண்டு. அப்பாவிடம் சொன்னேன். கையில் இருந்த ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "மொதல்லயே சொல்லியிருக்கலாமேடா" என்றார், அவ்வளவுதான். மாமாவிடம் அக்கா பேசிவிட்டாள்.

போன் இப்போது சும்மா கிடக்கிறது. அந்த அமைதிதான் பிடிக்கவில்லை. நெட்டையின் எண் போன வாரத்திலிருந்து அணைந்து கிடக்கிறது.

ஆகஸ்ட் 21

நெட்டையின் அப்பா வந்தார். பெயின்டர், நகக்கண்ணில் சுண்ணாம்பு. மகனின் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, எந்தக் கம்பெனி, எந்த ஊர் என்று கேட்டார். தெரியாது என்றேன். "ஒரே ரூம்லதானேப்பா இருந்தீங்க" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மேடம் அவரோடு காவல் நிலையத்துக்குப் போய் வந்தார். இந்த முறை புகாரை வாங்கிக்கொண்டார்களாம்.

செப்டம்பர் 2

பேக்கரியில் விசாரித்தேன். வெள்ளைச்சட்டை இப்போது வருவதில்லையாம். பக்கத்து ஊர் பாலிடெக்னிக் வாசலில் பார்த்ததாகக் கல்லாவில் இருந்தவர் சொன்னார். மேடத்திடம் சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 11

மறப்பதற்குள் எழுதிவிட வேண்டும்.

நூலகத்தில் இருந்தேன். எங்கேயோ வெளிநாட்டு எண். எடுத்தேன்.

"வணக்கம் சார். உங்களுக்கு உடனடிக் கடன் தேவைப்படுதா சார்?"

நெட்டை. அவன் குரல் எனக்குத் தெரியாதா? அவன் பேரைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவன் வேகமாக, "நான் பேசறது தெளிவா கேக்குதா சார்? நீங்க கேள்வி கேட்டா நான் பதில் சொல்றேன் சார்" என்றான். பின்னால் நிறையக் குரல்கள், எல்லாம் இதே பாட்டு. யாரோ நடந்துகொண்டிருந்தார்கள்.

புரிந்தது. நானும் சார் போட்டேன். "உங்க ஆபீஸ் எங்க சார் இருக்கு?"

"ஆத்தோரம் சார். ஜன்னல்லேருந்து சர்க்கரை ஆலை தெரியும், ரெண்டு புகைபோக்கி. நீலக் கட்டடம். நம்பிக்கையான நிறுவனம் சார்."

"எத்தன பேர் வேல பாக்கறீங்க?"

"எங்க மாடியில நம்மாளுங்களே நிறைய பேரு சார். யாரும் வெளிய போறதில்ல. எந்நேரமும் சேவை."

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். தேவையானது கிடைத்துவிட்டது. வாய் நிக்கலயே. "நீங்க நல்லா இருக்கீங்களா?"

மூச்சு மட்டும் கேட்டது. நடந்துகொண்டிருந்த காலடி நின்றது. நாற்காலி இழுபடும் சத்தம். தொடர்பு போய்விட்டது.

செப்டம்பர் 12

மேடம் ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டார். எண் எந்த நாட்டுடையது என்று பார்த்து, நிலையத்துக்கும் அங்குள்ள நம் தூதரகத்துக்கும் அனுப்பியாகிவிட்டது. புகைபோக்கி பற்றிச் சொன்னதும் காவல் அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தக் கடைசிக் கேள்வியைப் பற்றி அவர்களிடமும் சொன்னேன். அதையும் எழுதிக்கொண்டார்கள்.

அக்டோபர் 5

செய்தி இல்லை. தேர்வு நன்றாக எழுதினேன். அது எப்படி முடிந்தது என்று எனக்கே தெரியவில்லை.

அக்டோபர் 24

கட்டடம் கிடைத்துவிட்டது! அந்த நாட்டுக் காவல்துறை உள்ளே புகுந்து மாணவர்களை மீட்டிருக்கிறது. ஞாயிறு அன்று வருகிறார்கள். பெயர்ப் பட்டியல் இன்னும் வரவில்லை. நெட்டையின் அப்பா வேலையைப் பாதியில் விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்.

அக்டோபர் 26

விமான நிலையம். மேடம், நெட்டையின் அப்பா, நான். கண்ணாடிக் கதவு திறக்கும்போதெல்லாம் நெட்டையின் அப்பா எழுந்தார். எல்லாரும் மெலிந்து, ஒரே மாதிரி சட்டையில், குனிந்தே வந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கதவு மூடியது. பிறகு திறக்கவில்லை.

கடைசியாக வந்த ஒருவனிடம் நான் தனியாகப் போய்க் கேட்டேன். நெட்டையின் பக்கத்து இருக்கையாம். "சொந்த ஆளுக்குப் போன் போட்டான்னு கண்டுபிடிச்சுட்டாங்க. அன்னிக்கே வேற எடத்துக்கு வண்டி ஏத்திட்டாங்க. எங்கன்னு தெரியாது." பிறகு என்னைப் பார்த்து, "அவன் சொல்லலைன்னா நாங்க வந்திருக்க மாட்டோம்" என்றான்.

மேடத்திடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி, போட்டு, மறுபடி கழற்றினார். அங்கேயே தூதரகத்துக்குப் பேசத் தொடங்கினார்.

நெட்டையின் அப்பாவிடம் நான்தான் சொன்னேன், அந்தக் கேள்வி உட்பட எல்லாவற்றையும். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா இருக்கியான்னுதானே கேட்ட" என்றார்.

கிளம்பலாமா என்றேன். எழுந்திருக்கவில்லை. அங்கிருந்து அடுத்த விமானம் எப்போது வரும் என்று கேட்டார். பலகையைப் பார்த்து நேரத்தைச் சொன்னேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.